நாறாத குப்பாயம்

ரோஸ்லெட் தைத்த தளவாய் அங்கி, கடைசி நூலை அறுத்து அலமாரியில் தொங்கவிட்ட மறுநாள் காலையிலேயே வியர்த்திருந்தது. அக்குள் இரண்டிலும் மஞ்சள் வட்டம், கழுத்துப் பட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு, நெஞ்சுக்கு நேரே வெற்றிலைச் சாறு ஒழுகிக் காய்ந்த கறை. கதவைத் திறந்ததும் குதிரை லாயமும் புளித்த மோரும் குளிக்காத ஆணும் சேர்ந்து அடித்த வாடையில் அவள் குடித்திருந்த காப்பி தொண்டை வரைக்கும் வந்து நின்றது. வீட்டில் யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருக்கவும் முடியாது, புருஷன் ஜான்ரோஸின் தொப்பைக்கு அந்த அங்கி பாதி வழியிலேயே நின்றுவிடும்.

"எலி எங்கயோ செத்துக் கெடக்கு பிள்ளே," என்றான் ஜான்ரோஸ், தலையை நிமிர்த்தாமல். அவன் பாட்டிலுக்குள் கப்பல் கட்டுகிறவன். நீண்ட இடுக்கியால் பாய்மரத்தை நிறுத்திக்கொண்டிருக்கும்போது வீட்டுக் கூரை விழுந்தாலும் அதைக் கொஞ்சம் தள்ளி விழச் சொல்வான்.

எலி இல்லை என்று ரோஸ்லெட்டுக்குத் தெரியும், நாற்றத்தில் அவள் படித்தவள். டவுனில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக வேலை, விடிந்தால் அடைந்தால் அடுத்தவர்களின் மூத்திரம், மலம், சளி, சீழ், மூடியை ஒழுங்காக மூடத் தெரியாத ஜனங்கள் ஒழுகஒழுக நீட்டும் டப்பாக்கள். மனிதன் என்பவன் உள்ளேயிருந்து வெளியே கசிந்துகொண்டே இருக்கும் ஒரு பை என்று அவளுக்கு எப்போதோ பட்டுவிட்டது. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை உறிஞ்சினால் எழுந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் பழங்காலத்து உடைகளைத் தைக்க உட்கார்ந்ததற்குக் காரணமே அவற்றுக்குள் ஆள் இல்லை என்பதுதான். ராஜா போய்விட்டான், அவன் படைத்தலைவன் தளவாய் போய்விட்டான், தோள் மட்டும் மிச்சம், இடுப்பு மட்டும் மிச்சம், அதுவும் புதுத்துணியில், கஞ்சி மணத்தோடு. வேலை விட்டு வந்து குளித்து, கதவைச் சாத்திக்கொண்டு, அரண்மனைச் சுவரோவியங்களைப் படம் பிடித்து வைத்ததைப் பார்த்துப் பார்த்து மடிப்பு எங்கே விழுகிறது, முடிச்சு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துத் தைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவளுக்கு மனிதர்கள் மேல் கொஞ்சம் பிரியம் வரும். அந்த அறைக்குள்ளும் இப்போது ஒருத்தன் வியர்வையோடு வந்துவிட்டான்.

அங்கியைத் துவைத்தாள், வெந்நீரில் அலசினாள், வெயிலில் காயப்போட்டாள். மறுநாள் காலையில் அதே மஞ்சள் வட்டம், அதே வெற்றிலை. தையல் மடிப்புக்குள் என்னவோ ஊர்ந்ததைக் கண்ணாடித் துண்டில் பிடித்துக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். உடுப்புப் பேன், கொழுத்தது, வயிற்றில் ரத்தத்தோடு. யாருடைய ரத்தம் என்று யோசித்தவள் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள்.

அவர்கள் குடியிருந்த இடத்துக்குப் பெயர் தாமரைக்குளம் நகர். தாமரையும் கிடையாது, குளமும் கிடையாது. குளத்தை மண்ணடித்து மூடி வீடு கட்டியிருந்தார்கள், மழை பெய்தால் மட்டும் குளம் தன் இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு குளியலறை ஓட்டைகள் வழியாக ஏறி வரும். அங்கே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், ஓய்வு பெறாமலே ஓய்ந்தவர்களும் சேர்ந்து ஒரு பொழுதுபோக்கு மன்றம் நடத்தினார்கள். ஒருவர் தபால்தலை, ஒருவர் நாணயம், மாடிவீட்டுக் கோமதி தொட்டியில் ஆலமரத்தைக் குட்டையாக வளர்ப்பவள், கம்பி சுற்றிக் கிளையை முறுக்கி, வளர விடாமல் வைத்துவிட்டு எவ்வளவு அழகு என்று கேட்பாள். செயலாளர் மாதேவன் சார் தீக்குச்சியால் அரண்மனை கட்டுகிறவர். நீர்ப்பாசனத் துறையில் இருந்தவர். தன்னுடைய கொள்ளுத்தாத்தா மகாராஜா காலத்தில் காரியக்காரராக, அதாவது வரி பிரிக்கவும் தண்டிக்கவும் அதிகாரம் உள்ள பெரிய உத்தியோகஸ்தராக இருந்தார் என்பதை, தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால்கூடச் சொல்லாமல் அனுப்பமாட்டார்.

நாற்றம் தெருவுக்கு வந்தது. முதலில் சாக்கடையைப் பழி சொன்னார்கள், பிறகு கோமதியின் ஆலமர உரத்தை, பிறகு ஜான்ரோஸை. கடைசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு மன்றத்துக்காரர்கள் கூட்டமாக வந்து நிற்க, ரோஸ்லெட் அலமாரியைத் திறந்து காட்டினாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். தைக்கும்போது சுத்தமாக இருக்கிறது, ராத்திரி யாரோ போட்டுக்கொள்கிறார்கள், காலையில் இப்படி இருக்கிறது என்றாள். யாரும் அதிசயப்படவில்லை. எல்லோரும் மாதேவன் சாரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், அங்கியின் அக்குளுக்கு அருகே குனிந்தார், கண்ணை மூடி இழுத்தார், இன்னொரு தரம் இழுத்தார்.

"கஸ்தூரி," என்றார். "அடியில புனுகு. அரண்மனை வாசனைலா இது. ஒங்களுக்கெல்லாம் பழக்கமில்ல, அதான் ஒரு மாதிரி இருக்கு."

"சார், அது வேர்வ," என்றாள் ரோஸ்லெட். "நான் லேப்புல பாத்துட்டேன். வேர்வ, நெய், குதிர மூத்திரம். பேனும் இருக்கு."

"பேனும் அந்தக் காலத்துப் பேன்லா அம்மா," என்றார் மாதேவன் சார் கனிவாக.

அதற்குப் பிறகு தாமரைக்குளம் நகரில் யாருக்கும் நாறவில்லை. கோமதி முகர்ந்து பார்த்துவிட்டுத் தாழம்பூ என்றாள். தபால்தலைக்காரர் ஏலக்காய் என்றார். ஞாயிறுதோறும் வரிசையில் வந்து முகர்ந்தார்கள், கைக்குழந்தையின் முகத்தைக் கொண்டுபோய் அங்கியில் அழுத்தினார்கள், குழந்தை வீறிட்டால் பரம்பரையை அடையாளம் கண்டுகொண்டது என்றார்கள், கல்யாணம் முடிந்த ஜோடிகள் மாலையோடு வந்து ஆளுக்கொரு கைப்பக்கம் முகர்ந்து போனார்கள். சுத்தமான துணி வம்சமில்லாதவனின் துணி என்று ஒரு பேச்சு கிளம்பி, வீடுகளில் அப்பாவின் சட்டையைத் துவைக்காமல் வைக்க ஆரம்பித்தார்கள், பிறகு மாமாவின் பனியனை, பிறகு தங்கள் தங்கள் போர்வையை. கொடிகளில் ஒன்றும் காயவில்லை, மொட்டைமாடிகள் வெறிச்சென்று கிடந்தன, அந்தத் தெருவுக்குள் நுழையும் பால்காரர் ஈரத் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு வந்தார். ரோஸ்லெட்டுக்கு லேப்புக்குப் போவதே சுத்தமான காற்று வாங்கப் போவதுபோல் ஆனது. அங்கே மூத்திரத்தை மூத்திரம் என்றாவது சொன்னார்கள்.

தையலை நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் மன்றத்தின் ஆண்டு விழா வந்தது, மாதேவன் சார் அரக்குச் சிவப்புக் கம்பளித் துணியும் பித்தளைப் பொத்தான்களும் கொண்டுவந்து வைத்தார். கொள்ளுத்தாத்தாவின் காரியக்காரர் கோட்டைத் தைத்துத் தர வேண்டும், விழா மேடையில் அவரே அதைப் போட்டுக்கொண்டு நிற்பார். நல்ல துணி, அந்த வெட்டு அவள் இதுவரை தைக்காத வெட்டு. கை அரித்தது, தைத்தாள். அந்தப் பலவீனத்துக்காக அவள் தன்னைத்தானே பிறகு நிறையத் திட்டிக்கொண்டாள். கோட்டு மறுநாளே வேலையைக் காட்டியது. அதற்குச் சாராய நெடியும் இருந்தது. கைப் பொத்தான்களில் மட்டும் எப்போதும் ஒரு பளபளப்பு, ஏதோ துணியில் தேய்ந்துகொண்டே இருந்ததுபோல.

கோட்டை வந்து பார்த்த கோமதி சும்மா போகவில்லை. "எல்லாருக்கும் தைக்கிய, ஒங்க ஆளுகளுக்கு ஒண்ணும் தைக்கலியே. அந்தக் காலத்துல ஒங்கள்ல என்ன போடுவாவ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளவும் இல்லை, தெரியாமல் கேட்டவள்போலச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

ரோஸ்லெட்டின் ஆட்களில் பெண்கள் இடுப்புக்கு மேலே ஒன்றும் போடக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். மேல்சாதி ஆண் வந்தால் இருப்பதையும் இறக்க வேண்டும். பிறகு மிஷன் துரைசாணிகள் தைக்கச் சொல்லிக்கொடுத்து, குப்பாயம் என்று, தொளதொளவென்று, முன்பக்கம் நாடா வைத்து முடிகிற ஒரு சட்டை வந்தது. அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவர்களை நடுச்சந்தையில் நிறுத்திக் கிழித்தார்கள். ஞாயிறு பள்ளியில் இதையெல்லாம் கேட்கும்போது ரோஸ்லெட்டுக்கு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத்தான் தோன்றியிருக்கிறது. இப்போது கோமதி போன பிறகு அலமாரியில் மிச்சமிருந்த வெள்ளைத் துணியை எடுத்தாள். பட்டு இல்லை, சரிகை இல்லை, வளைவு நெளிவு இல்லை. அவள் தைத்ததிலேயே சாதாரணமான உடுப்பு. ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. அதைக் கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

காலையில் குப்பாயம் சுத்தமாக இருந்தது. முகர்ந்தாள், கஞ்சி மணம். அதற்கு அடுத்த நாளும் அப்படியே, அந்த வாரம் முழுக்க அப்படியே. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பாத்தியளா, ஒண்ணாவது நாறாம இருக்கு. எங்க ஆளுவ சுத்தக்காரிய," என்று ஜான்ரோஸிடம் பீற்றிக்கொண்டாள்.

ஜான்ரோஸ் இடுக்கியைக் கீழே வைத்தான், அபூர்வமாக. "சுத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல பிள்ளே. மத்ததெல்லாம் போடுகாவ, அதனால நாறுகு. இத யாரும் போடல. போட பயமா இருக்கும்."

அவன் கப்பலுக்குத் திரும்பிவிட்டான். ரோஸ்லெட் கழுவுதொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினாள், தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஒருத்தி நடுங்கிக்கொண்டு கைநீட்டாமல் நின்றதை அவள் இத்தனை நாளும் முகர்ந்து பார்த்து மகிழ்ந்திருக்கிறாள். தளவாயின் அக்குளைப் பார்த்தபோதுகூட வராத அளவு அருவருப்பு அப்போது வந்தது, தன் மூக்கின் மேலேயே வந்தது. அலமாரியைத் திறந்து, அந்த வெள்ளைத் துணியிடம், பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுவதுபோல, "உனக்காக்கும் தைச்சது. போட்டுக்க அக்கா," என்று சொல்லிவிட்டு மூடினாள்.

மறுநாள் குப்பாயம் தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்து தொங்கியது. ஒரு நாடாவைக் காணோம். தேடினாள். அது காரியக்காரர் கோட்டின் வலதுகைப் பொத்தானில் சிக்கியிருந்தது.

அவள் அதைத் தைத்தாள். கிழிந்தது. குப்பாயத்தை அடுக்களையில் கொண்டுபோய் மாட்டினாள், கோட்டை அலமாரியில் பூட்டினாள்; கிழிந்தது, பூட்டிய அலமாரிக்குள் கோட்டின் பொத்தானில் வெள்ளை நூல். இரட்டைத் தையல் போட்டாள், தோளுக்கு உள்பட்டை கொடுத்தாள், தையல் தாங்கியது, அதற்குப் பக்கத்தில் கிழிந்தது. ஆனால் அவள் ஒன்றைக் கவனித்தாள். கிழிந்தாலும் சரி, மறுநாளும் அது போடப்படுகிறது. போட்டால்தானே கிழிக்க முடியும். உள்ளே யாரோ ஒருத்தி விடாமல் கையை நுழைக்கிறாள், நாடாவை முடிகிறாள், வியர்ப்பதற்குள் கோட்டுக்காரன் வந்துவிடுகிறான். அவள் ஒரு தடவை வியர்க்கட்டும், அதுவரை ஊசியைக் கீழே வைப்பதில்லை என்று ரோஸ்லெட் தீர்மானித்தாள். வேறெதுவும் அவளுக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை, லேப்பும் இல்லை, விழாவும் இல்லை.

மன்றத்துக் கூட்டத்தில் போய்ச் சொன்னாள், கிழிந்த துணியை மேசையில் விரித்துக் காட்டிச் சொன்னாள். அந்தக் கோட்டு மேடை ஏறக் கூடாது, எரித்துவிட வேண்டும் என்றாள். மாதேவன் சார் கிழிசலைத் தொடாமல் விரலைச் சுற்றிக் காட்டி, "அவரு அவருக்க கடமையச் செய்திருக்காரு. அன்னைக்கு அதுதான் நடைமுற. இதுல வருத்தப்படுகதுக்கு ஒண்ணும் இல்ல," என்றார்.

"இன்னைக்கும் செய்யுகாரு சார். எனக்க அடுக்களையில வந்து செய்யுகாரு."

"அதத்தான் நானும் சொல்ல வாறேன்," என்று மாதேவன் சார் முகம் மலர்ந்தார். "ரெண்டயும் சேத்து வைப்போம். கோட்டு ஒரு பக்கம், இது ஒரு பக்கம். தெனமும் காலைல ஆளுவ வந்து பாக்கட்டும், கிழிஞ்சிருக்கும்லா, சரித்திரம் கண்ணு முன்னால நடக்கும். நீங்க சாயங்காலம் சாயங்காலம் புதுசா ஒண்ணு தைச்சு வச்சாப் போதும். ஒங்களுக்குத் தைக்கதுன்னா பிடிக்கும்லா."

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கும்," என்றார் நாணயக்காரர். கோமதி, பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் துவைக்காத சட்டையோடு, பெருமையோடு உட்கார்ந்திருந்தார்கள், அந்த அறையில் அடித்த வீச்சத்தை ஒருவர் மாற்றி ஒருவர் சுவாசித்துக்கொண்டு. அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை, துணியை மடித்து எடுத்துக்கொண்டு, "சரி சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். விவரம் தெரிந்தவர்கள் அந்த "சரி"யைக் கேட்டுப் பயந்திருப்பார்கள்.

விழாவுக்கு முந்திய சாயங்காலம் அவள் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சாராயமும் வியர்வையும் மடியில் ஏறியது. மூக்கைப் பொத்தவில்லை, இரண்டு கையும் வேண்டியிருந்தது. கோட்டின் கைகளை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உள்துணியோடு உள்துணி சேர்த்து, செருப்புத் தைக்கிற மெழுகு நூலால், முன்னும் பின்னுமாக நெருக்கித் தைத்தாள். பிறகு திருப்பிவிட்டாள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கைமடிப்பும் பொத்தானும் அதனதன் இடத்தில் இருந்தன. உள்ளே போகிற கை வெளியே வராது, அவ்வளவுதான். அவள் வாழ்நாளில் போட்ட தையலிலேயே அதுதான் நல்ல தையல். குப்பாயத்துக்கும் புதிதாக ஒரு நாடா வைத்தாள். ஜான்ரோஸ் இரண்டையும் மன்றத்துக் கூடத்துக்குக் கொண்டுபோய் எதிரெதிரே நிறுத்திவிட்டு வந்தான்.

காலையில் கூடம் நிரம்பி வழிந்தது. வாழைமரம் கட்டியிருந்தார்கள், ஒலிபெருக்கி இரைந்தது, பூமாலைகளையும் மீறிக்கொண்டு அந்த ஊரின் வீச்சம் அடித்தது. தலைமை தாங்க வந்த பெரிய மனிதர் படியேறும்போதே தும்மினார். மாதேவன் சார் முதலில் கோட்டை எடுத்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், வலதுகையை நுழைத்தார், இடதுகையை நுழைத்தார். இரண்டும் போயின. வரவில்லை. உதறினார், முழங்கையை மடக்கித் தள்ளினார், பல்லைக் கடித்துக் குத்தினார். மெழுகு நூல் அசையவில்லை. கழற்றப் பார்த்தார், விரல் வெளியே இருந்தால்தானே பிடித்து இழுக்க. தலைமை விருந்தினர் கைகூப்பிக்கொண்டு எதிரே வந்து நிற்க, மாதேவன் சார் முடிபோட்ட இரண்டு சாக்குகளை நெஞ்சுக்கு நேரே சேர்த்து ஆட்டினார். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"கத்தரி கொண்டாங்க," என்றார். கூடத்தில் கத்தரிக்கோலுக்கா பஞ்சம்? பொழுதுபோக்கு மன்றம் அது, ஆளுக்கொரு கத்தரி பையில் இருந்தது. ஆனால் பரம்பரையை வெட்ட யார் முன்வருவார்கள். கோமதி கம்பி வெட்டும் கத்தரியோடு எழுந்து, கோட்டின் அருகே வரைக்கும் வந்து, பயந்து திரும்பிவிட்டாள். வரவேற்புரையை அவர் அப்படியே வாசித்தார், பக்கம் திருப்பித் தர ஒரு ஆள் நின்றார். மின்விசிறி சுழலாத மேடை, கம்பளித் துணி, உள்ளே ஏற்கனவே ஒருத்தர் வியர்த்துக்கொண்டிருக்கிறார். வேர்வை முகத்தில் வடிந்தது, துடைக்கக் கை இல்லை, பேன் கழுத்தில் ஏறியது, சொறியக் கை இல்லை. கொஞ்ச நேரத்தில் மாதேவன் சாரின் முகம் கோணியது, மூக்கு சுருங்கியது, ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிறோம் என்பதை மறந்து, "சீ, என்ன நாத்தம் நாறுகு," என்றார்.

கூடம் முழுக்கக் கேட்டது. ஒவ்வொருத்தராக மூக்கைப் பொத்தினார்கள், கோட்டைப் பார்த்து, பிறகு பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து, கடைசியில் தங்கள் சட்டையைத் தாங்களே முகர்ந்து பார்த்து. நாற்காலிகள் தள்ளப்படுகிற சத்தம். தபால்தலைக்காரர் வாசலுக்கு வெளியே போய் வாழைமரத்தடியில் வாந்தி எடுத்தார்.

ரோஸ்லெட் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிர்ப் பக்கம் நின்ற குப்பாயத்திடம் போனாள். தோள் முழுசாக இருந்தது. நாடா இரண்டும் இருந்தன, அவள் போடாத ஒரு முடிச்சில் முடிந்திருந்தன. முதுகுத் துணி கசங்கியிருந்தது, கழுத்தோரத்தில் அழுக்கு, அக்குள் இரண்டிலும் பெரிய மஞ்சள் வட்டம், இன்னும் காயாமல். மடிப்பில் கருப்பட்டிப் பிசுக்கும் மீன் செதிளும் ஒட்டியிருந்தன. அதைப் போட்டவள் ராத்திரி முழுக்க சந்தை சந்தையாக நடந்திருப்பாள்.

ரோஸ்லெட் குனிந்து முகத்தை அதில் வைத்தாள். வேர்வை, பனையோலைப் புகை, கருவாடு, தாய்ப்பால் புளித்த வாடை. குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. முகத்தை எடுக்கவில்லை.

பக்கத்தில் வந்து நின்ற ஜான்ரோஸ், "தா பிள்ளே, கொண்டு போய்த் துவைச்சுப் போடுவோம்," என்றான்.

"தொடாதிய," என்றாள் ரோஸ்லெட்.